கூடாரத்துக்குள் கதைத்த தமிழ்

2024 நவம்பர் 24, ஞாயிறு

கம்சாயினி போன் எடுத்தாள். தென் துருவப் பக்கத்திலிருந்து எடுக்கிற செய்மதி போன். நான் கேட்கிற கேள்வி அவளிடம் போய்ச் சேர ஒரு மூச்சு விடுகிற நேரம் ஆகிறது; அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். "அம்மா, நான் சொல்லி முடிச்சாப்பிறகு நீங்கள் கதையுங்கோ" என்றாள். பெற்ற மகளோடு முறை வைத்துக் கதைக்கிற காலம் வந்திருக்கிறது.

அவளும் அவளுடைய பயணக் கூட்டாளி ஆன்ட்ரியாசும் போன வாரம் பனிக்கண்டத்தின் கரையிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளில், துருவம் வரைக்கும். விமானம் சாப்பாடு போடாது, நாய் இழுக்காது. இரண்டு மாதச் சாப்பாடும் எரிபொருளும் இடுப்பில் கட்டிய சறுக்குவண்டியில் பின்னால் வரும். ஒருவரின் உதவியும் எடுக்காமல் போய்ச் சேருவதுதான் பெருமையாம். நாங்கள் கண்டவன் நின்றவன் காலிலெல்லாம் விழுந்து இந்த ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்குப் பிறந்தது உதவி வேண்டாம் என்று போயிருக்கிறது.

ஞாயிறு தோறும் காலை எடுப்பாளாம். இரவில் அவர்கள் புறப்பட்ட முகாமுக்கு அறிவிக்கிற நேரம் தவிர, மற்ற நேரம் போனை நிறுத்தி வைப்பார்கள், பற்றரி காணாது. "சாப்பிட்டியோ?" என்று கேட்டேன். "ஓம். வெண்ணெய்" என்றாள். வெறும் வெண்ணெயை வெட்டித் தின்கிறார்கள்.

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு முகாமின் அவசர எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

நவம்பர் 26

புருசெத்தில் இருக்கிற, எங்களுக்குத் தெரிந்த புஷ்பமலர் அக்கா போன் எடுத்தா. கதையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து கடைசியில் கேட்டா: "கூடாரம் ஒண்டோ ரெண்டோ?"

"ஒண்டுதான்."

"அப்ப கலியாணம் முடிவாயிட்டுதோ?"

"இல்லையக்கா. குளிர்."

ஆன்ட்ரியாசுக்கு லில்லெஸ்ட்ரோமில் தாயும் ஒரு காதலியும் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல பிள்ளை அவன். நாலு வருடத்துக்கு முன்னர் இதே வழியில் வேறொருவனோடு போனவன். பாதியில் அந்தக் கூட்டாளிக்குச் சுகமில்லாமல் போய், இரண்டு பேரையும் விமானம் வந்து தூக்கிக்கொண்டு போனது. இது அவனுக்கு இரண்டாம் முறை. கம்சா போகும்போது சொன்னாள், "இந்த முறை என்னாலை நிக்கக்கூடாது அம்மா."

டிசம்பர் 1, ஞாயிறு

நலம். காற்றாம். இரண்டே நிமிடம்தான் கதைத்தாள். இங்கே குரோருட்டில் பனி வழுக்கி பஸ் நின்றதற்கு நான் இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றைக்கு முதல்முறையாகப் பனிப்பிளவு என்ற சொல்லைச் சொன்னாள். மேலே பனி மூடியிருக்குமாம், கீழே ஆழம் தெரியாதாம். "கடந்து வந்திட்டம்" என்றாள், ஏதோ றோட்டைக் கடந்தது போல. கடந்தபிறகு ஏன் எனக்குச் சொல்கிறாள்? சொல்லாமல் விட்டிருந்தால் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டிருப்பேன். என் மனதுக்கு நியாயம் கிடையாது.

டிசம்பர் 15, ஞாயிறு

இடது தொடையில் கடியாம், சொறியச் சொல்லுதாம். சிவப்புச் சிவப்பாகத் தடித்திருக்கிறதாம். நாள் முழுக்கக் குளிர்காற்று அந்த இடப்பக்கத்தில்தான் அடிக்கிறதாம்.

நான் கொமூனில், அதுதான் நகரசபையில், வீடு வீடாகப் போகிற தாதி வேலையில் இருபத்திரண்டு வருடம். காலையில் எழும்பினால் கிழவர்களின் கால், பின்னேரமும் கிழவர்களின் கால். புண் கழுவுவதும் கட்டுவதும்தான் பிழைப்பு. அதனால் உடனே சொன்னேன்: சொறியாதே, இறுக்கமான காற்சட்டை போடாதே, தொடைக்கு மேலே இன்னொரு துணி வை. "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றாள்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. கம்சாயினி மூன்று சொல் தமிழ் கதைத்தால் நாலாவதாக இந்த நாட்டு மொழி, நோர்ஸ்க், வரும். அவள் மட்டுமில்லை, இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். இன்று ஒரு சொல்கூட வரவில்லை. கொப்புளம் என்ற சொல்லுக்கு நின்று யோசித்தாள். "பிலெம்ம" என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "அம்மா அது... தண்ணி கோத்து வருமே" என்றாள்.

ஆன்ட்ரியாசுக்கு விளங்கக்கூடாது என்று கதைத்திருக்கிறாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

"அம்மா, நான் சிரிச்சுக்கொண்டு கதைக்கிறன். நீங்களும் சும்மா கதைக்கிற மாதிரிக் கதையுங்கோ. அவன் பக்கத்திலை இருக்கிறான்." அதன் பிறகு, கோவில் திருவிழாவைப் பற்றிச் சொல்வது போன்ற குரலில், தொடையில் தோல் போய்விட்டது என்றாள். ஐந்து குரோனர் நாணயக் குற்றியளவுக்குப் புண். அதைவிடச் சின்னதாக இன்னும் மூன்று. நடுவில் என்ன நிறம் என்று கேட்டேன்.

"மஞ்சள். ஒண்டிலை கொஞ்சம் கறுப்பு."

"மணக்குதோ?"

"இஞ்சை ஒண்டும் மணக்காது அம்மா. இந்தக் குளிரிலை மணம் எண்டதே இல்லை."

என்னுடைய வேலையில் மூக்குத்தான் பாதி. அந்த மூக்கையும் பறித்துக்கொண்டு என்னிடம் கேட்கிறாள் இந்தப் பிள்ளை.

இரவு தோறும் அவர்கள் புறப்பட்ட முகாமில் இருக்கிற டொக்டருக்கு உடல்நிலை அறிவிக்க வேண்டும். அவள் எல்லாம் நலம் என்று அறிவிக்கிறாள். புண் என்று சொன்னால் விமானம் வரும், இருவரின் பயணமும் முடிந்துவிடும். ஆன்ட்ரியாசுக்குத் தெரிந்தால் அவன் சொல்லியே ஆவான், அவன் அப்படிப்பட்டவன். "இன்னும் மூண்டு கிழமைதான். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ அம்மா. என்ரை தலையிலை."

பண்ணினேன்.

மருந்துப்பெட்டியில் என்ன இருக்கிறது, எப்படிக் கழுவ வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். அன்ரிபயோட்டிக்கை எடுக்கச் சொன்னேன். எடுத்தால் பெட்டியில் குறையும், அவன் காண்பான் என்றாள்.

டிசம்பர் 23

இவரிடம் சொல்லிவிட்டேன். கட்டின மனுசனிடம் சொன்னால் சத்தியம் முறிந்ததாகுமா? ஆகாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

இவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, "நம்பிச் சொன்னவள். நீ வாயைத் திறவாதை" என்றார்.

"கறுத்திருக்குது எண்டு சொல்லுறாள், இஞ்சருங்கோ."

"ஊரிலை எங்கடை அண்ணையை ஆர் காட்டிக் குடுத்தது? பகையாளியே? பக்கத்து வீட்டு மாமி. நல்லது நினைச்சுத்தான் சொன்னவ. பெடியன் ஒண்டும் செய்யேல்லை, வீட்டிலைதான் நிக்கிறான் எண்டு. ஆமிக்காரர் வந்து ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

அந்தக் கதை எனக்குத் தெரியும். எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு கதை உண்டு. வாய் திறந்ததால் போன உயிர்களை எண்ணி வளர்ந்தவர்கள் நாங்கள். வாய் திறவாமல் போன உயிர்களை யாரும் எண்ணியதில்லை என்று இன்றைக்கு நினைத்தேன். ஆனால் இவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. எனக்கும் அதே பயம்தானே.

டிசம்பர் 25

ஆன்ட்ரியாசின் தாய் இங்கெர் நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விருந்துக்கு, கூப்பிட்டிருந்தா. லில்லெஸ்ட்ரோமுக்கு ரெயிலில் போனோம். வீடு முழுக்க மெழுகுதிரி. மேசையில் இறைச்சி, அதற்குப் பக்கத்தில் நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று எங்களுக்கென்றே செய்த மீன்.

இங்கெர் என் கையைப் பிடித்து, உன் மகள் இவ்வளவு பலசாலி என்று ஆன்ட்ரியாஸ் போனில் சொன்னான் என்றா. போன தடவை அவன் திரும்பி வந்து ஒரு வருடம் யாரோடும் கதைக்கவில்லையாம். இந்த முறை போய்ச் சேர்ந்துவிடுவான், அந்தப் பெண்ணோடு போயிருக்கிறான் என்று கண் கலங்கினா. நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் எடுத்துக்கொண்டிருந்தேன். முள்ளே இல்லாத மீன் அது.

ரெயிலில் வரும்போது இவர் சொன்னார்: "நீ நல்லாத்தான் சமாளிச்சனி." கன்னத்தில் அடித்தது போல இருந்தது.

டிசம்பர் 26

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 27

வேலை. மூன்றாம் மாடியில் ஒரு கிழவர், சலரோகக்காரர், இரத்தத்தில் சீனி, குதிக்காலில் கறுப்பு. போன மாதம் ஒரு பொட்டு. இன்றைக்கு உள்ளங்கையளவு. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். அவருக்கு எழுதிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை நான். அந்தக் கிழவர் ஆர் எனக்கு? ஆருமில்லை. என்ரை பிள்ளைக்கு மட்டும் நான் என்ன கோதாரிக்குப் பொத்திக்கொண்டிருக்கிறன்?

வீட்டுக்கு வந்து முகாமின் அவசர எண்ணை அழுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிற எண். ஒரு பெண் எடுத்தாள். வைத்துவிட்டேன்.

அவளுடைய தலையில் அல்லவா சத்தியம் பண்ணியிருக்கிறேன். என்னுடைய தலையிலென்றால் எப்போதோ சொல்லியிருப்பேன். இந்தக் காலத்தில் இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாரும் கேட்கட்டும். பிள்ளை பனிக்கு நடுவில் கிடக்கும்போது எதையும் நம்பாமல் இருக்க என்னால் ஏலாது.

டிசம்பர் 28

நாளைக்கு ஞாயிறு. புண் காய்ந்திருக்கும். காய்ந்திருந்தால் பிள்ளையாருக்கு நூறு தேங்காய். காயாவிட்டால்? நாளை கேட்டபிறகு பார்ப்போம் என்று ஒரு வாரத்தைக் கடத்திவிட்டேன். கள்ளி.

டிசம்பர் 29, ஞாயிறு

எடுத்தாள். குரல் அவளுடையதில்லை. நாக்குத் தடித்தது போல.

"அம்மா, இண்டைக்குக் குளிரேல்லை. வர்ம். நல்ல வர்மா இருக்கு." பிறகு பல்லுக் கிடுகிடுக்கிற சத்தம் கேட்டது. குளிரவில்லை என்கிறாள், பல் கிடுகிடுக்கிறது. வெப்பத்துக்கு நோர்ஸ்க் சொல் சொல்கிறாள். மறைக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டாள். இரண்டு கிழமையாக ஒரு சொல் வழுவாமல் காத்த பிள்ளை.

புண் எவ்வளவு என்று கேட்டேன். பார்க்கவில்லையாம், துணி ஒட்டிக்கொண்டு வருகுதில்லையாம். சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று கேட்டேன். "மேலை. இடுப்புக்குக் கிட்ட."

"போனை ஆன்ட்ரியாசிட்டைக் குடு."

"அம்மா. சத்தியம் பண்ணினியள்."

"குடு பிள்ளை."

"நான் வைக்கப்போறன்."

நான் நோர்ஸ்கில் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஆன்ட்ரியாஸ், அவளின் இடது தொடையைப் பார், அழுகுகிறது, காய்ச்சல், முகாமுக்குச் சொல், ஆன்ட்ரியாஸ், ஆன்ட்ரியாஸ்! போன் அவள் காதில்தான் இருக்கிறது, ஆனாலும் அது சின்னக் கூடாரம். அவனுக்குக் கேட்க வேண்டும். இவர் அறையிலிருந்து ஓடிவந்தார். நான் கத்தியது போய்ச் சேருகிற அந்த ஒரு மூச்சு நேரம்... கடவுளே, என்ன நேரம் அது!

முதலில் அவள் "அம்மா" என்றாள். இனி ஒருநாளும் அந்தக் குரலில் அவள் என்னைக் கூப்பிட வேண்டாம். பிறகு தூரத்தில் அவனுடைய குரல், கேள்வி கேட்கிற குரல். பிறகு தொடர்பு அறுந்தது.

முகாமுக்கும் நானே எடுத்தேன். இந்த முறை வைக்கவில்லை.

டிசம்பர் 30

ஆன்ட்ரியாஸ் முகாமுக்கு அறிவித்துவிட்டான். துணியைச் சுடுநீர் ஊற்றிக் கழற்றினானாம். கையகலத்துக்குக் கறுப்பு. காய்ச்சல் நாற்பது. அன்ரிபயோட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். முகாமில் இருந்த டொக்டர் இதமாகத்தான் கதைத்தா. ஆனால் விமானம் ஏறாது. வெள்ளை மூடியிருக்கிறதாம், நிலமும் வானமும் ஒன்றாகத் தெரிகிறதாம், இறங்கினால் எங்கே நிலம் என்று விமானிக்குத் தெரியாதாம்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். சொல்ல ஏலாது என்றா.

டிசம்பர் 31

வாணவேடிக்கை. நாங்கள் இருக்கிற பள்ளத்தாக்கு முழுக்க வெடிக்கிறது. இவர் சின்ன வயதிலிருந்தே வெடிச்சத்தத்துக்கு ஒதுங்குகிறவர். இன்றைக்கு ஜன்னலடியிலேயே நின்றார். "நான்தான் உன்னை வாயைப் பொத்தச் சொன்னனான்" என்றார். ஆறுதல் சொல்ல எனக்கு ஏலவில்லை. சொல்லவும் விருப்பமில்லை.

ஜனவரி 1

விமானம் ஏறவில்லை.

ஜனவரி 2

ஏறிவிட்டது! இறங்கி, இருவரையும் ஏற்றி, முகாமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நினைவு இருக்கிறதாம், பெயர் சொல்கிறாளாம். அங்கிருந்து சிலி நாட்டு ஆஸ்பத்திரிக்கு.

நான் நிலத்தில் இருந்து அழுதேன். இவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார், சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டிருந்தார். இருவரும் குடித்தோம்.

ஜனவரி 3

இங்கெர் எடுத்தா. பிள்ளை எப்படி என்று முதலில் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி: நத்தாருக்கு என் மேசையில் இருந்தபோது உனக்குத் தெரியுமா?

தெரியும் என்றேன்.

போனை வைத்துவிட்டா.

ஜனவரி 15

ஒஸ்லோவுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. இரண்டு தடவை வெட்டி, மற்றத் தொடையில் தோல் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தசையிலும் ஒரு துண்டு போய்விட்டது. கால் தப்பிவிடும் என்று டொக்டர் சொன்னார். இன்னும் ஒன்றிரண்டு நாள் போயிருந்தால் காலைப் பற்றி அல்ல, ஆளைப் பற்றித்தான் கதைத்திருப்போம் என்றார். ஒரு கிழமை முன்னர் தெரிந்திருந்தால் என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதையை மாற்றினார். பதில் எனக்குத் தெரியும், நான் தாதி. ஒரு கிழமை முன்னரென்றால் மாத்திரையும் கட்டுத்துணியும் போதும்.

கம்சாயினி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். தலையணையைச் சரி பண்ணினேன். "தக்" என்றாள். நன்றியாம். நோர்ஸ்கில். வார்டில் நிற்கிற தாதிக்குச் சொல்வது போல.

பெப்ரவரி 9

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. கட்டு மாற்றுவது நான்தான். காலை நீட்டுவாள், முகத்தைத் திருப்புவாள். வலிக்கிறதா என்று தமிழில் கேட்பேன், இல்லை என்று நோர்ஸ்கில் சொல்வாள். தகப்பனோடு தமிழ்தான். எனக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை.

பிழையென்று சொல்லவும் முடியவில்லை. தமிழில் சொன்னதைத்தானே நான் நோர்ஸ்கில் கத்தினேன்.

பெப்ரவரி 20

ஆன்ட்ரியாஸ் வந்தான். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். அவனுக்கு என்னோடு கோபமில்லை. கோபமெல்லாம் அவளோடு. அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது, ஆனால் எங்கள் வீட்டுக் கதவு என்ன கதவு. இரண்டு கிழமை என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் முன்னாலேயே சிரித்துச் சிரித்து என்னை ஏமாற்றியிருக்கிறாய் என்றான். திரும்பி வந்ததற்காக இல்லை, நூறு தடவை திரும்பியிருப்பேன், ஆனால் இனி உன்னோடு ஒரே கயிற்றில் என்னைக் கட்டிக்கொண்டு பனியில் போகமாட்டேன் என்றான்.

அவன் போன பிறகு அவள் அழுத சத்தம் கேட்டது. கதவடியில் நின்றேன். உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 27

தடியில்லாமல் கடைவரைக்கும் நடந்தாள். புஷ்பமலர் அக்கா வழியில் எங்களைக் கண்டு, "இனி உந்த விசர் வேலையளை விட்டிட்டு ஒரு நல்ல இடத்திலை கலியாணம் செய்து வையுங்கோ" என்றா. கம்சா சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அக்காவுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுக்கலாம்.

செப்டம்பர் 14

காட்டுப் பாதையில் சறுக்குவண்டிக்குப் பதிலாக லொறி ரயர் கட்டி இழுக்கிறாள். இரண்டு ரயர். வேலை முடிந்து வரும்போது ஏரிக்கரையில் கண்டேன். இடது கால் கொஞ்சம் பின்னால் இழுபடுகிறது. அவள் என்னைக் காணவில்லை. அந்தக் காலை நான்தான் மீட்டுக் கொடுத்தேன், அது எங்கே போகுமென்று தெரிந்துதானே மீட்டேன்? இல்லை. தெரியாது. யோசிக்கவே இல்லை.

2025 நவம்பர் 9, ஞாயிறு

சமைத்துக்கொண்டிருந்தேன். வந்து குசினி மேசையில் இருந்தாள்.

"அம்மா."

தமிழில்தான் தொடங்கினாள். நான் திரும்பவில்லை, திரும்பினால் போய்விடுமோ என்று.

வருகிற சித்திரையில் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடக்கப் போகிறாளாம், இரண்டு பெண்களோடு. ஒரு மாதம். "அவையளுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். காலைக் காட்டினனான். ஆன்ட்ரியாசுக்குச் செய்ததையும் சொன்னனான்."

"பிறகும் கூட்டிக்கொண்டு போகினமோ?"

"ஓம். ஒரு கொண்டிஷன் போட்டவை." கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தாள். "எங்கடை உடம்பைப் பற்றி வெளியிலை ஒரு ஆளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் சொல்லவேணும். அந்த ஆளுக்குச் சரியில்லை எண்டு பட்டா, எங்களைக் கேக்காமலே நிப்பாட்டலாம். நான் உங்கடை பேரைக் குடுத்திட்டன்."

"ஏன் என்ரை?"

"நான் அழுதாலும் நீங்கள் சொல்லுவியள்."

கறி அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அடுப்பை நிறுத்தினேன். வேண்டாம், போகாதை, எனக்கு இன்னொருக்கால் தாங்கேலாது என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் போகாமல் விடுவாளா? விடமாட்டாள். வேறு யாருடைய பெயரையாவது கொடுத்துவிட்டுப் போவாள்.

"ஆனா அம்மா, போனிலை நோர்ஸ்கிலைதான் கதைப்பன். ஸ்பீக்கரிலை போட்டு. மற்ற ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கவேணும். ஒரு சொல்லுத் தமிழும் கதைக்கமாட்டன், நீங்களும் கதைக்கக்கூடாது. சரியோ?"

"சரி பிள்ளை" என்றேன்.

சோறு போட்டுக் கொடுத்தேன். கறுத்த கறியை நான் எடுத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடியும் வரைக்கும் ஏதேதோ கதைத்தாள், ரயர், காடு, புஷ்பமலர் அக்கா பார்த்த மாப்பிள்ளை, எல்லாம் தமிழில். நான் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

வேலையிடத்துப் பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்பிவிட்டேன்: ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை என்னை வேலைக்குப் போட வேண்டாம்.